ஸ்பைட்டன் டைவில் வளைவும் ஒரு ஓட்டுநரின் தொண்டையும்

2013 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. தேங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து அமெரிக்கர்கள் ஊர் திரும்பும் நாள். நியூயார்க் மாநிலத்தின் பொகிப்சி ஊரிலிருந்து காலை 5.54-க்கு மெட்ரோ நார்த் நிறுவனத்தின் 8808-ஆம் எண் பயணிகள் ரயில் கிளம்பியது. ஹட்சன் ஆற்றங்கரையை ஒட்டியே தெற்கு நோக்கி வந்து, மன்ஹாட்டனில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் முடியும் தடம் அது. ஏழு பெட்டிகள், எஞ்சின் கடைசியில் இருந்து தள்ளிக்கொண்டு வரும். ஓட்டுநர் முதல் பெட்டியின் முகப்பிலுள்ள சின்ன அறையில் உட்கார்ந்து, அங்கிருந்தே எஞ்சினை இயக்குவார்.

ஹட்சனும் ஹார்லெம் ஆறும் சந்திக்கும் இடத்தில், பிராங்ஸ் பகுதியின் ஸ்பைட்டன் டைவில் நிலையத்தை ஒட்டி, பாதை சட்டென்று இடப்பக்கம் திரும்பும். அதற்கு முந்தைய நேர்ப்பாதையில் மணிக்கு 113 கிலோமீட்டர் வரை போகலாம், வளைவுக்குள் 48-தான். காலை 7.20 வாக்கில் ரயில் அந்த வளைவுக்குள் நுழைந்தபோது வேகம் 132. எல்லாப் பெட்டிகளும் எஞ்சினும் தடம் புரண்டன. முதல் பெட்டி ஆற்றுத் தண்ணீருக்குச் சில அடி தூரத்தில் போய் நின்றது. நான்கு பேர் இறந்தார்கள். நான்கு பேருமே ஜன்னல் கண்ணாடி பெயர்ந்துபோன இடைவெளி வழியாக வெளியே வீசப்பட்டவர்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 1983-இல் தொடங்கிய மெட்ரோ நார்த்தின் வரலாற்றில் பயணிகள் உயிரிழந்த முதல் விபத்து இதுதான்.

ரயிலின் பதிவுக் கருவி சொன்ன கணக்கு இது: ரயில் முழுசாக நிற்பதற்கு 6 விநாடி முன்புதான் வேகப்பிடி சுழியத்துக்கு வந்திருக்கிறது. 5 விநாடி முன்புதான் பிரேக் இறங்கியிருக்கிறது. அதாவது, பெட்டிகள் தடத்தை விட்டுப் போக ஆரம்பித்த கட்டத்தில்தான் ஓட்டுநருக்கு நினைவு திரும்பியிருக்கிறது.

அவர் தூங்கிவிட்டார். செய்தித்தாள்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கேள்வி. ஏன் தூங்கினார்? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பதினோரு மாதம் இந்தக் கேள்விக்குப் பின்னால் போனது. போய்ச் சேர்ந்த இடம் ஒரு மனிதனின் தொண்டைக்குழி.

எதெல்லாம் காரணம் இல்லை

விசாரணை வழக்கமான சந்தேகங்களில் இருந்துதான் தொடங்கியது. பிரேக் பழுதா? வழியில் நின்ற நிலையங்களிலெல்லாம் அதே பிரேக் ஒழுங்காகப் பிடித்திருக்கிறது. தண்டவாளத்திலோ சிக்னலிலோ கோளாறா? அதுவும் இல்லை. மது குடித்திருந்தாரா? பரிசோதனையில் இல்லை என்று வந்தது. செல்போன் பார்த்துக்கொண்டு இருந்தாரா? போன் பதிவுகளைப் புரட்டினார்கள். அந்த நேரத்தில் அவர் போனைத் தொடவே இல்லை.

ஓட்டுநர் தானே சொன்னது, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ மயக்கம் மாதிரி ஒரு நிலைக்குப் போய்விட்டேன் என்பது. சரி, முந்தின ராத்திரி கண் விழித்தாரா? அதுவும் இல்லை. விபத்து நடந்து இரண்டே நாளில் வாரியத்தின் உறுப்பினர் ஒருவர் செய்தியாளர்களிடம் பேசினார். முழுத் தூக்கம் தூங்குவதற்கு வேண்டிய நேரம் ஓட்டுநருக்கு இருந்ததாகவே தெரிகிறது என்றார்.

இந்த நிகழ்வில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். படுக்க நேரம் இருந்தது, படுத்தார், தூங்கினார், எழுந்து வேலைக்கு வந்தார். கடிகாரத்தைப் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் அவருடைய உடலைப் பொறுத்தவரை அவர் தூங்கவே இல்லை.

விபத்துக்குப் பிறகு அவருக்கு ஸ்லீப் ஸ்டடி செய்தார்கள். ஒரு ராத்திரி முழுக்க மூளை அலை, மூச்சு, இதயத் துடிப்பு, ரத்தத்தின் ஆக்சிஜன் எல்லாவற்றையும் பதிவு செய்யும் பரிசோதனை அது. முடிவு: கடுமையான ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், அதிலும் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கும் வகை. தூக்கத்தில் மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு தடைப்பட்டால் அது லேசானது; 15-ஐத் தாண்டினால் நடுத்தரம்; 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. அப்படிப்பட்டவர் ஏழு மணி நேரம் தூங்கினால், இருநூறு தடவைக்குக் குறையாமல் மூச்சு தடைப்பட்டிருக்கும். எந்த நாளில் இருந்து அவருக்கு இப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு அடைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்

கடுமையான நோயுள்ள ஒருவரின் கட்டில் ஓரம் உட்கார்ந்து பார்த்தால் தெரிவது இதுதான். ஆள் மல்லாந்து படுத்திருக்கிறார். குறட்டை மெல்ல ஏறுகிறது. ஏறி ஏறி உச்சத்துக்குப் போய், பட்டென்று நின்றுவிடுகிறது. அறை அமைதியாகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர், அப்பாடா, ஓய்ந்தது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். நெஞ்சையும் வயிற்றையும் கவனித்தால் அவை நிற்கவில்லை. மார்பு உள்ளே போகும்போது வயிறு மேலே வருகிறது, மாறி மாறி இழுக்கிறது. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. பத்து விநாடி, இருபது, சிலருக்கு ஒரு நிமிடம்கூடப் போகும். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 97-இல் இருந்து 90-க்கும் கீழே, எண்பதுகளுக்கும் இறங்குகிறது. அப்புறம் மூளை அலறுகிறது. ஒரு பெரிய உறுமல், உடம்பு ஒரு தடவை உதறுகிறது, தொண்டை திறக்கிறது, நாலைந்து பெருமூச்சு. திரும்பவும் குறட்டை ஏற ஆரம்பிக்கிறது.

அந்த உறுமலின்போது மூளை விழித்துக்கொள்கிறது. ஆனால் அந்த விழிப்பு சில விநாடிகள்தான், அதனால் காலையில் நினைவில் இருக்காது. எட்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன் என்று அவர் மனதார நம்பிச் சொல்வார். அடைப்பு ஒவ்வொன்றின் முடிவிலும் அட்ரினலின் பாய்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக விடாமல் யாரோ இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தோளைத் தட்டுகிற நிலைமை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படி நடந்தால், பகலில் ஒரே சீராக ஓடும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூளை என்ன செய்யும்? கிடைத்த இடத்தில் தூங்கும்.

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நம் வீடுகளில் சொல்லும் பேச்சு எனக்கு வருத்தமளிப்பது இதனால்தான். குறட்டை என்பது குறுகிய வழியில் காற்று உரசிப் போகும் ஓசை. குறட்டை விடும் எல்லோருக்கும் இந்த நோய் இருக்காது, அது உண்மை. ஆனால் ஊடே ஊடே நின்று போய், உறுமலோடு திரும்ப வரும் குறட்டை வேறு ரகம்.

எலும்பில்லாத இடம்

தொண்டை ஏன் அடைபடுகிறது? மூக்குக்குள் எலும்பும் குருத்தெலும்பும் இருக்கின்றன. அது தானாக மூடிக்கொள்ளாது. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலில் குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாக இருக்கின்றன, அதுவும் மூடாது. இவை இரண்டுக்கும் நடுவில், மேலண்ணத்தின் பின்பகுதியில் இருந்து குரல்வளை வரைக்கும், ஒரு சாண் அளவுகூட இல்லாத ஒரு பகுதி. அதைச் சுற்றி எலும்புக் கூண்டு கிடையாது. மெல்லண்ணம், உள்நாக்கு, நாக்கின் அடிப்பகுதி, பக்கச்சுவர்கள், எல்லாம் சதை. பேசவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒரே வழி வேண்டும் என்பதால் மனிதனுக்கு அந்த இடம் இளக்கமாக அமைந்திருக்கிறது. இத்தனை நெளிவோடு பேச முடிவதற்கு நாம் கொடுக்கும் விலை என்றுகூட இதைச் சொல்லலாம்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சும் விசை தொண்டையின் சுவர்களையும் உள்பக்கமாக இழுக்கும். ஈரமான காகித ஸ்ட்ராவில் வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே விதிதான். ஆரோக்கியமான தொண்டை, தூங்கும்போதுகூட, 10 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான உறிஞ்சு விசையைத் தாங்கும். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு உறிஞ்சவே வேண்டாம். வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்திலேயே, அல்லது அதற்குப் பக்கத்திலேயே, அந்த வழி மூடிக்கொள்கிறது.

அப்படியென்றால் பகலில் ஏன் மூடுவதில்லை? நாக்கை முன்னால் இழுத்துப் பிடிக்கும் ஒரு தசை இருக்கிறது, தாடையின் உள்பக்கத்தில் இருந்து விசிறி மாதிரி நாக்குக்குள் பரவுவது. விழித்திருக்கும்வரை மூளை அந்தத் தசையை ஒவ்வொரு மூச்சுக்கும் முறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. தூங்கியதும் அந்தப் பிடி தளர்கிறது. 1978-இல் ரெம்மர்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் அந்தத் தசைக்குள் மின்முனையைச் செருகித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தசையின் மின்னோட்டம் சரியும் நேரத்தில் தொண்டை அடைபட்டது. விழிப்பு வந்து தசை மீண்டும் எழும்பியதும் தொண்டை திறந்தது. இந்த நோயின் அடிப்படைப் பொறிமுறை அன்றைக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு 1990-களில் தெரியவந்த இன்னொரு விஷயம் என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைக்கிறது. இந்த நோயாளிகளின் நாக்குத்தசை, விழித்திருக்கும்போது, மற்றவர்களுடையதைவிட அதிகமாக வேலை செய்கிறது. குறுகலான வழியைத் திறந்து வைத்திருப்பதற்காக, அவர்கள் அறியாமலேயே, பகல் முழுக்க அந்தத் தசை கூடுதல் உழைப்பு உழைக்கிறது. மருத்துவர் பகலில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கும்போது நோய் அங்கே இல்லை. மூச்சு நன்றாகப் போகிறது, ஆக்சிஜன் நூற்றுக்குப் பக்கத்தில். நோயாளி தூங்கினால்தான் நோய் வரும். அந்த நேரத்தில் மருத்துவர் பக்கத்தில் இருப்பதில்லை.

எடைதான் காரணமா?

எடைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை. கழுத்துக்கு வெளியே தெரியும் கொழுப்பு மட்டும் தொண்டையை நெருக்குவதில்லை. நாக்குக்கு உள்ளேயே கொழுப்பு சேர்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. வைத்துப் பார்த்தவர்கள் நாக்கின் பின்பகுதியில், அதாவது தொண்டையை அடைக்கும் அதே பகுதியில், கொழுப்பு அதிகம் தேங்கியிருப்பதைக் கண்டார்கள். 2020-இல் அதே குழு, எடை குறைத்தவர்களுக்கு நோய் ஏன் தணிகிறது என்று ஆராய்ந்தபோது, நாக்கின் கொழுப்பு குறைந்ததுதான் முக்கியமான பங்கு வகித்தது. பக்கச்சுவர்களும் பருத்து வழியை நெருக்குகின்றன.

அப்புறம் வயிறு. தொப்பை உள்ளவர் மல்லாந்து படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரலின் கொள்ளளவு குறையும். நுரையீரல் விரிந்திருக்கும்போது மூச்சுக்குழலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது, அந்த இழுப்பில்தான் தொண்டையின் சுவர்கள் விறைப்பாக நிற்கின்றன. நுரையீரல் சுருங்கினால் அந்த இழுப்பும் போய்விடும். ஆக, தொப்பை தொண்டையைத் தூரத்தில் இருந்தே தளர்த்திவிடுகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்குக் காலில் தேங்கும் நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் நகர்ந்து தொண்டையைச் சுற்றிய திசுக்களை வீங்க வைக்கிறது என்பதை டொரன்டோவில் பிராட்லியின் குழு காட்டியிருக்கிறது. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம்.

விஸ்கான்சின் மாநில அரசு ஊழியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று இருக்கிறது. 1993-இல் அதன் முதல் பெரிய முடிவு வெளிவந்தது: 30 முதல் 60 வயதுக்குள் ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 9 விழுக்காட்டினருக்கும் மணிக்கு ஐந்துக்குக் குறையாத மூச்சுத்தடை இருந்தது. இவர்கள் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகள் இல்லை, சாதாரணமாக ஆபீஸ் போய் வருபவர்கள். 2000-இல் வந்த தொடர்ச்சியில், எடை 10 விழுக்காடு கூடினால் மூச்சுத்தடையின் எண்ணிக்கை 32 விழுக்காடு வரை கூடுவதும், 10 விழுக்காடு குறைத்தால் 26 விழுக்காடு வரை குறைவதும் கணக்காக வந்தது.

இவ்வளவும் எடைக்கு எதிரான சாட்சி. ஆனாலும் குண்டானவர்களின் நோய் என்று இதை ஒதுக்கிவைப்பது தப்பு. எத்தனையோ பருமனானவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒல்லியானவர்கள் சிலர் ராத்திரி முழுக்கத் திணறுகிறார்கள். தாடை எலும்பு சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால், உள்ளே நாக்கு சாதாரண அளவில் இருந்தாலும் அதற்கு இடம் போதாது. ஆசியர்களுக்கு, மேற்கத்தியரைவிடக் குறைந்த எடையிலேயே அதே அளவு கடுமையான நோய் வருவதற்கு இந்த எலும்பமைப்பு ஒரு காரணம். இந்தியர்களுக்கு உடல் நிறை எண் 25-ஐத் தொட்டாலே பருமன் என்று நம் மருத்துவர்கள் கோடு கிழித்திருக்கிறார்கள். மேற்கே அந்தக் கோடு 30. அதனால் அமெரிக்க அளவுகோலை வைத்துக்கொண்டு, நமக்கென்ன, நாம் அவ்வளவு குண்டு இல்லையே என்று இருந்துவிட முடியாது.

குழந்தைகளுக்குக் கதையே வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையும்தான் வழியை அடைக்கின்றன. அவர்கள் பகலில் தூங்கி வழிவதைவிட, ஒரு இடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று இருப்பார்கள், பாடத்தில் கவனம் நிற்காது.

தொண்டைக்கு அப்பால்

இடம் குறுகல் என்பது பாதிக் கதைதான். 2013-இல், இந்த விபத்து நடந்த அதே வருடத்தில், டேனி எக்கர்ட்டும் அவருடைய சகாக்களும் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொண்டை அவ்வளவு எளிதில் மூடும் ரகமாக இல்லை. நோயில்லாத பலருக்கும் அதே மாதிரித் தொண்டைதான் இருந்தது. ஆனாலும் இவர்களுக்கு மட்டும் நோய். மொத்த நோயாளிகளில் 69 விழுக்காட்டினருக்கு, உடலமைப்போடு சம்பந்தமில்லாத காரணம் குறைந்தது ஒன்றாவது இருந்தது.

அந்தக் காரணங்கள் மூன்று. முதலாவது, தசையின் மெத்தனம். தொண்டை குறுகத் தொடங்கியதும் நாக்குத்தசை சுதாரித்துக்கொண்டு முறுக்கேற வேண்டும். தூக்கத்தில் சிலருக்கு அந்தச் சுதாரிப்பு வருவதே இல்லை.

இரண்டாவது, சீக்கிரம் விழித்துவிடும் மூளை. கேட்க நல்லதுபோல இருக்கும். மூச்சு லேசாக முட்டினால் போதும், விழித்துக்கொள்கிறார்கள். ஆனால் தசை சுதாரித்துத் தொண்டையைத் திறக்கச் சற்று நேரம் வேண்டும்; கரியமில வாயு கொஞ்சம் ஏறினால்தான் அது நடக்கும். அதற்குள் விழிப்பு வந்துவிட்டால் தூக்கம் உடைகிறது. திரும்பத் தூங்குகிறார்கள், திரும்ப உடைகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் தசைகள் ஓரளவு நிலையாக வேலை செய்யும், ஆனால் இவர்கள் அந்த ஆழத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

மூன்றாவதுதான் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சிரமமானது. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளை மூச்சை வேகப்படுத்தும், குறைந்தால் தணிக்கும். சிலருக்கு இந்த ஏற்பாடு அளவுக்கு மீறி எதிர்வினை செய்கிறது. சின்ன ஏற்றத்துக்கே பெரிய பெரிய மூச்சாக வாங்கி, கரியமில வாயுவைத் தேவைக்கு மேல் வெளியேற்றிவிடுகிறார்கள். உடனே மூளை, இப்போது மூச்சுக்கு அவசரமில்லை என்று கட்டளையைத் தணிக்கிறது. மூச்சுத் தசைகளுக்குப் போகும் கட்டளை தணியும்போது நாக்குத்தசைக்குப் போவதும் கூடவே தணியும். தொண்டை மூடுகிறது. வாயு மறுபடி ஏறுகிறது, மறுபடி பெருமூச்சு. ஊசலாட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

இவற்றின் மேல் வந்து ஏறுபவை பல. ராத்திரி குடிக்கும் மது நாக்குத்தசையைத் தளர்த்தும், விழிப்பையும் தாமதமாக்கும், அடைப்புகள் நீளும். சில வகைத் தூக்க மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் அப்படியே. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும், சிலருக்கு ஒருக்களித்துப் படுத்தாலே பாதி நோய் போய்விடும். மூக்கடைப்பு உறிஞ்சு விசையைக் கூட்டுகிறது. புகை தொண்டையை வீங்க வைக்கிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் நாக்கும் தொண்டைத் திசுவும் தடிக்கின்றன, தசையும் சோர்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை புரோஜெஸ்டிரோன் ஓரளவு காவல் காக்கிறது. நின்றபிறகு ஆபத்து ஏறுகிறது. அவர்கள் பெரும்பாலும் குறட்டையைப் பற்றிச் சொல்வதில்லை. அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் பலருக்கு நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தாலும் வாய்ப்பு கூடுதல்தான்.

திரும்பவும் அந்த ஓட்டுநரிடம்

வாரியத்தின் அறிக்கை அவரிடம் கண்ட அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறது: ஆண், உடல் பருமன், குறட்டை, அசதி என்ற புகார், பகலில் அளவுமீறிய தூக்கம். ஒவ்வொன்றும் பாடப்புத்தகத்தில் இருப்பது. இருந்தும் அவருடைய சொந்த மருத்துவரும் கண்டுபிடிக்கவில்லை, நிறுவனத்தின் உடல்தகுதிப் பரிசோதனைகளும் கண்டுபிடிக்கவில்லை. அவர் அசதி என்று மருத்துவரிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறார். தூக்கத்தைப் பற்றி உருப்படியாக நாலு கேள்வி கேட்டிருந்தால் போதும். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்டுவிட்டு, எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்று குறித்துக்கொள்ளும் ஒரு எளிய வினாப்பட்டியல் 2008-லேயே டொரன்டோவில் உருவாகிப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை. ஆணுக்குக் கழுத்து 43 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதுவே ஒரு எச்சரிக்கை. ஒரு இஞ்ச் டேப் இருந்தால் போதும்.

அடுத்தது ஷிப்ட். நீண்ட நாள் பிற்பகலிலும் இரவிலும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். விபத்துக்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் அதிகாலை ஷிப்டுக்கு மாறினார். அதுவரை அவருடைய உடம்பின் கடிகாரத்துக்கு விடிகாலை என்பது தூங்கும் நேரம். கனவு வரும் தூக்கம் திரளாக வருவது அந்த நேரத்தில்தான். தசைகள் மிகவும் தளர்ந்து, அடைப்புகள் மோசமாவதும் அப்போதுதான். புது ஷிப்டில் அந்த நேரத்துக்கு அவர் எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும். நோயால் ஏற்கெனவே சேர்ந்திருந்த தூக்கக் கடன் ஒரு பக்கம், இது தூங்கும் நேரம் என்று அடம்பிடிக்கும் உடல் கடிகாரம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து காலை 7.20-க்கு, நேர்ப்பாதை முடியும் இடத்தில், அவரை வீழ்த்தின.

2014 அக்டோபரில் வாரியம் எழுதிய தீர்ப்பு ஏறக்குறைய இதே வரிசையில்தான் இருக்கிறது. கண்டறியப்படாத கடுமையான ஸ்லீப் ஆப்னியாவால் ஓட்டுநர் தூங்கிவிட்டார். வேலை நேர மாற்றம் அதை மோசமாக்கியது. தூக்கக் கோளாறுகளுக்குக் கட்டாயப் பரிசோதனை செய்யும் கொள்கை நிறுவனத்திடம் இல்லை, ரயில்வே ஒழுங்குமுறை அமைப்பிடமும் இல்லை. வேகம் மீறினால் தானாகப் பிரேக் போடும் ஏற்பாடு அந்தத் தடத்தில் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த அறையில் காலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு மிதி மட்டும் இருந்தது. தூங்கினாலும் கால் அப்படியே அழுத்திக்கொண்டு இருக்கலாம். சில விநாடி எந்தப் பிடியையும் தொடாவிட்டால் மணி அடித்து உசுப்பும் கருவி பின்னால் இருந்த எஞ்சினில் இருந்தது, ஓட்டுநர் உட்கார்ந்திருந்த முன் அறையில் இல்லை.

அவர் மீது குற்ற வழக்கு தொடரப்போவதில்லை என்று 2015-இல் பிராங்ஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம் அறிவித்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தனக்கு இருப்பதே தெரியாத ஒரு நோய்க்கு, அதையும் மருத்துவரிடம் போய் அசதி என்று சொல்லியும் பிடிபடாத நோய்க்கு, ஒருவரைக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. நான்கு குடும்பங்களின் இழப்பு இதனால் குறைந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

சிகிச்சை? சிபேப் மெஷின் கொடுத்தார்கள். மூக்கில் முகமூடி மாட்டி, தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையை உள்ளிருந்து திறந்தே வைத்திருக்கும் கருவி. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தியது. ஒரு மாதத்துக்குள் அந்த ஓட்டுநரின் மூச்சுத்தடை கட்டுக்குள் வந்துவிட்டது.

மெட்ரோ நார்த் தன் ஓட்டுநர்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. அவர்களில் 11.6 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பது தெரியவந்தது. ஒன்பது பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் அதுவரை தகுதிச் சான்றிதழோடு ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்.

மூன்று வருடம் கழித்து, 2016 செப்டம்பர் 29-இல், நியூஜெர்சியின் ஹோபோகன் முனையத்தில் ஒரு பயணிகள் ரயில் நிற்காமல் தடுப்புக் கட்டையில் மோதி நடைமேடைக்குள் புகுந்தது. ஒருவர் இறந்தார், நூறு பேருக்கு மேல் காயம். ஓட்டுநருக்குக் கண்டறியப்படாத கடுமையான ஸ்லீப் ஆப்னியா. அந்த ஜூலையில்தான் உடல்தகுதிப் பரிசோதனையில் தேறியிருந்தார். சந்தேகம் உள்ளவர்களை ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்ப வேண்டும் என்ற வழிகாட்டுதல் அந்த நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்தது. அதைப் பின்பற்றவில்லை என்று வாரியம் எழுதியது. 2017 ஜனவரி 4-இல் புரூக்லினின் அட்லான்டிக் முனையத்திலும் அதே மாதிரி மோதல், நூறு பேருக்கு மேல் காயம், அதே நோய்.

ரயில் ஓட்டுநர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாமா என்று 2016 மார்ச்சில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. 2017 ஆகஸ்டில் அந்த முயற்சியையே விலக்கிக்கொண்டது. 2018 பிப்ரவரியில் ஹோபோகன், புரூக்லின் விபத்துகளைப் பற்றிய முடிவை வாரியம் ஒன்றாகவே வெளியிட்டபோது, காரணம் என்ற இடத்தில் ஸ்பைட்டன் டைவில் அறிக்கையில் இருந்த அதே நோயின் பெயரை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.